முழங்கால் தண்ணீரில் ஒரு பானை

கச்சாய் வீதி,
கொடிகாமம்.
19.07.2025

கேதீஸ்வரனுக்கு,

அன்பு, நலம், ஆவல் எதுவும் இந்தக் கடிதத்தில் இல்லை. தேடவேண்டாம்.

உங்கள் போன் நம்பரை அடைத்து வைத்திருக்கிறேன். எடுத்தால் நீங்கள் ஏதாவது பகிடி விடுவீர்கள், நான் சிரித்துவிடுவேன், பிறகு எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி ஆகிவிடும். அப்படி ஆக விடமாட்டேன். சொல்ல இருப்பதை எழுதுங்கள்.

நடந்ததை நான் ஒழுங்காக எழுதிவைக்கிறேன், ஏனென்றால் உங்கள் வாயில் அது இதற்குள் வேறு கதையாகியிருக்கும். கனடாவிலிருந்து றொகான் என்று ஒரு பெடியன், செத்துப்போன தகப்பன் இராசநாயகத்தின் சாம்பலைக் கொண்டுவந்தான். பாதியைத் தகப்பனின் ஊர்க் கடலில் கரைக்கவேண்டும், மற்றப் பாதியை ஏதாவது ஒரு ஆற்றில் விடவேண்டும், இரண்டையும் படம் பிடிக்கவேண்டும் என்றான். சாம்பல் கரைக்கிறதென்றால் கீரிமலைக்குப் போகச் சொல்லுங்கள் என்று நான் சொன்னேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "சும்மா இரும் கலா. எங்கடை கயாக் வீடியோவிலை வரட்டும், பிறகு பாரும் சனத்தை."

சோளகக் காற்று அடிக்கிற காலம். பரவைக்கடல் முழங்காலுக்கு வற்றிக் கிடக்கிறது. கண்டல் காடு பார்க்க வெள்ளைக்காரரை ஏற்றுகிற கயாக்கில், பட்டு வேட்டிக்கு மேலே லைஃப் ஜாக்கெட் போட்ட ஆட்கள். முழங்கால் தண்ணீரில் லைஃப் ஜாக்கெட்! மேலே ட்ரோன் இரைந்தது. தண்ணீரில் தானாகக் கரையும் என்று சொல்லிக் கனடாவில் சாம்பலுக்கென்றே விற்கிற கடதாசிப் பானையாம். கரைய முதலில் தண்ணீர் வேண்டாமா? அது சேற்றில் குந்திக்கொண்டிருந்தது. நீங்கள் எல்லாரும் கை தட்டிவிட்டுக் கரைக்கு வந்தீர்கள்.

விடியக்குள்ளே காற்று அதை உருட்டிக்கொண்டுபோய், இறாலுக்குக் கம்பு நட்டுக் கட்டியிருந்த செந்தூரனின் சிறகுவலைக்குள் விட்டது. வலைக்காரச் சனம் கரையில் நின்று கத்தியதை நீங்களும் கேட்டீர்கள். கேட்டுவிட்டு வந்து, கித்துல்கலவில் கூட்டாளி ராஃப்டிங் வேலைக்குக் கூப்பிடுகிறான் என்று பையைக் கட்டினீர்கள். பின்னேர பஸ்ஸில் போயும்விட்டீர்கள்.

நீங்கள் போன மறுநாள் செந்தூரன் வந்தான். பானையை எங்கள் படலையடியில் வைத்தான். "அக்கா, உங்களோடை எனக்குக் கோபமில்லை. ஆனா உதைக் கரையிலை வைச்சிருக்க எங்களாலை ஏலாது. அண்டைக்குப் பட்ட இறால் முழுக்கக் கொட்டிப்போட்டம்" என்றான். பானையின் அடி பிய்ந்திருந்தது. உள்ளே சாம்பலும் சேறும் குழைந்து கிடக்க, அதற்குள் ஒரு இறால் செத்து நாறிக் கிடந்தது.

அந்த இறாலை நான்தான் கையால் எடுத்து எறிந்தேன். எனக்கு இன்னும் கை மணக்கிறது. ஆடிப்பிறப்புக்குக் கூழ் காய்ச்சவில்லை.

உதயகலா

—

கித்துல்கல,
26.07.2025

அன்பின் கலா,

உமது கடிதம் கிடைத்தது. தபால்காரன் ஆச்சரியமாகப் பார்த்தான். இங்கே எவருக்கும் கடிதம் வருவதில்லையாம். என்னை எல்லாரும் 'யாழ்ப்பாணம்' என்றே கூப்பிடுகிறார்கள், ஆகவே முகவரியில் அதையும் போட்டால் கெதியாக வரும்.

நான் இங்கே சொகுசாக இருக்கிறேன் என்று நினைக்கிறீர் போல. கேளும். களனி கங்கை வடிவான ஆறுதான், பாறைகளுக்குள் நுரைத்துக்கொண்டு பாயும்போது நெஞ்சு குளிரும். ஆனால் அதில் இறங்குகிற சனத்தைப் பார்த்தால் குமட்டும். கல்யாணத்துக்கு முதல் கூத்தடிக்க வருகிற கூட்டம் ஒன்று, கம்பனிக் கூட்டம் ஒன்று. காலையிலேயே சாராயம். முதல் பாய்ச்சலில் ராஃப்ட் தூக்கிப் போட, முன்னுக்கு இருக்கிறவன் சத்தி எடுப்பான், அது காற்றில் பின்னுக்கு வரும். பின்னுக்கு இருந்து துடுப்புப் பிடிக்கிறவன் உமது புருஷன். ஒரு ஹெல்மெட்டை எத்தனையோ தலைகள் போடுகின்றன. உள்ளே இருக்கிற பஞ்சைப் பிழிந்தால் வருவது தண்ணீர் இல்லை. பின்னேரத்தில் எல்லாவற்றையும் நான்தான் கழுவவேண்டும், அதோடு காலில் அட்டை வேறு. ஒவ்வொரு பாய்ச்சலிலும் நான் "ஊ" என்று கத்தவேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. கத்துகிறேன்.

பானை விஷயம். நான் ஓடிவரவில்லை கலா. வேலை கிடைத்தது, வந்தேன். கயாக்கைக் கரையில் இறக்கவேண்டாம் என்று அவர்கள் சொன்ன பிறகு அங்கே இருந்து என்ன செய்வது? செந்தூரன் ஆட்களும் கொஞ்சம் கூடத்தான் துள்ளுகிறார்கள். மீன் குடலையும் பிளாஸ்டிக்கையும் அதே கடலுக்குள்தானே தள்ளுகிறார்கள்? சாம்பல் அசுத்தமில்லை. சாம்பலைத்தானே நாங்கள் காலையில் நெற்றியில் பூசுகிறோம்.

றொகானுக்கு ஒரு மெசேஜ் போடும். அவருடைய சாமான், அவரே வந்து எடுக்கட்டும்.

கேதீஸ்

—

கொடிகாமம்,
02.08.2025

கேதீஸ்வரனுக்கு,

நெற்றியில் பூசுகிற திருநீறு மாட்டுச் சாணத்தில் வருவது. இராசநாயகத்தில் வருவதில்லை. இதை ஒரு ஆள் கடிதத்தில் எழுதி விளங்கப்படுத்தவேண்டிய அளவுக்கு உங்கள் நிலைமை வந்துவிட்டது.

மீன் குடலைப் பற்றி நீங்கள் எழுதவேண்டாம். அந்தச் சனம் அதே கடலில் பிடித்துத் தின்கிறது, விற்கிறது. இப்போது இந்தக் கரை இறால் என்றால் வாங்குகிறவன் முகத்தைச் சுளிக்கிறான். "பிரேதச் சாம்பல் விழுந்த இறாலோ?" என்று சந்தையில் கேட்கிறார்களாம். செந்தூரனின் மனுசி என்னைக் கண்டால் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போகிறா. பிழை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

றொகானுக்கு உங்கள் புத்திமதி வருமுன்பே மெசேஜ் போட்டுவிட்டேன். ஐயா இப்போது தெற்கே காலிக் கடற்கரையிலோ எங்கேயோ அலை பார்க்கிறார். குரல் பதிவு ஒன்று அனுப்பினார்: "அக்கா, டோன்ட் வொரி. அது சூழலுக்கு நல்ல பானை. நீங்கள் திருப்பித் தண்ணிக்குள்ள போட்டால் அதுவாக் கரையும். அப்பா அங்கதான் இருக்க ஆசைப்பட்டவர்." பிறகு வீடியோவையும் அனுப்பினார். புல்லாங்குழல் இசை போட்டிருக்கிறது. சூரியன் விழுகிறது, கயாக்குகள் வட்டமாக நிற்கின்றன, நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறீர்கள். கீழே நூற்றுக்கணக்கில் கண்ணீர்ப் பொம்மைகள். 'என்ன அழகான பிரியாவிடை' என்று ஒருத்தி எழுதியிருக்கிறா. அந்த அழகான பிரியாவிடை எங்கள் கயாக் கொட்டிலில், பழைய வாளி ஒன்றுக்குக் கீழே கவிழ்த்துக் கிடக்கிறது. மேலே கல் வைத்திருக்கிறேன், நாய் தள்ளாமல்.

ஒரு செத்த மனுசனின் மிச்சம் வளவுக்குள் இருக்கும்போது சாமியறையில் எப்படி விளக்கு வைப்பது? வைக்கவில்லை. நல்லூரில் கொடி ஏறிவிட்டது. ஊரெல்லாம் மச்ச மாமிசம் விட்டு, முழுகித் தோய்ந்து போய் வருகிறது, நான் படலைக்குள்ளே நிற்கிறேன். அம்மா போன் எடுத்து, "நீ ஏன் கோயிலுக்குப் போகேல்லை? ஏதும் விசேஷமோ?" என்று சந்தோஷமாகக் கேட்கிறா. அவவுக்கு நான் என்ன சொல்ல?

கடலில் திருப்பிப் போடமாட்டேன். கீரிமலைக்கு நான் தனிய கொண்டுபோனால், "நீ ஆர், உனக்கு இவர் ஆர்?" என்று கேட்பார்கள். எனக்கே தெரியாது. நீங்கள் கூட்டிவந்த பிரேதம். நீங்கள் வந்து கொண்டுபோங்கள்.

உதயகலா

—

கித்துல்கல,
07.08.2025

அன்பின் கலா,

வர ஏலாது. இது இங்கே ஆட்கள் போதாமல் அந்தரப்படுகிற நேரம், லீவு தரமாட்டார்கள்.

இதை எழுதிவிட்டு இரண்டு நாள் அனுப்பாமல் வைத்திருந்தேன். மேலே எழுதியது பொய். லீவு கேட்கவில்லை.

வீடியோவில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறேன் என்று எழுதினீர். ஏன் என்று கேட்கவில்லை. ட்ரோன் கீழே இறங்கும்போது றொகான் பானையின் மூடியைத் திறந்து தலைக்கு மேலே தூக்கினார். கொஞ்சத்தைக் காற்றில் தூவினால் படத்தில் நல்லாக வரும் என்று எவனோ சொல்லியிருக்கிறான். அவர் காற்று வருகிற பக்கம் பார்த்துத் தூவினார். நான் அவருக்குப் பின்னுக்கு, கயாக்கைப் பிடித்துக்கொண்டு, "மூடுங்கோ, மூடுங்கோ" என்று கத்திக்கொண்டிருந்தேன். வாய் திறந்திருந்தது.

மிச்சம் நான் எழுதத் தேவையில்லை. அது உப்பாகவும் இல்லை, மண்ணாகவும் இல்லை. பல்லுக்குள் நறநறத்தது. முகத்தைத் திருப்பித் தண்ணீருக்குள் சத்தி எடுத்தேன். அந்தத் துண்டை அவர்கள் வெட்டிவிட்டார்கள்.

இங்கே வந்த முதல் நாள் சாப்பாட்டுக் கடையில் புட்டு வைத்தார்கள். தமிழ்ப் பெடியன் என்று ஆசையாகச் செய்த மனுசி. அரிசிமாவும் தேங்காய்ப்பூவும், வெள்ளையாக, உதிரி உதிரியாக. எழும்பி வெளியே போய்விட்டேன். இன்றுவரை மா தூவின எதையும் பார்க்க ஏலாமல் இருக்கிறது. பிறத்தியாரின் சத்தியைக் கழுவுகிறேன், அதில் எனக்கு ஒன்றுமில்லை. அந்தப் பானையை மட்டும் தொடச் சொல்லவேண்டாம்.

கேதீஸ்

—

கொடிகாமம்,
12.08.2025

கேதீஸ்வரனுக்கு,

வாசித்தேன். உங்கள் வாய்க்குள் போனதை அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் கொஞ்சம் இரங்கியிருப்பேன். சொல்லாமல் பஸ் ஏறினீர்கள். அதற்கு இரங்கமாட்டேன்.

நேற்று ஒரு மனுசி வந்தா. குணலட்சுமி என்று பெயர், கொடிகாமம் சந்தையில் வெற்றிலை விற்கிறவ. நானே அவவிடம் எத்தனையோ தரம் வாங்கியிருக்கிறேன். படலையில் நின்றுகொண்டு, "பிள்ளை, என்ரை அண்ணை இஞ்சையோ இருக்கிறார்?" என்று கேட்டா. எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியபோது உடம்பு கூசியது.

இராசநாயகத்தின் கூடப்பிறந்த தங்கச்சி. றொகான் இங்கே வந்து, ட்ரோன்காரனைத் தேடி, வேட்டி வாங்கி, எங்களைத் தேடி எல்லாம் செய்தவன், சந்தையில் இருந்த சொந்த மாமிக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பக்கத்துக் கடைப் பெட்டை வீடியோவைக் காட்டித்தான் அவவுக்குத் தெரியும். வீடியோவில் அவன் சொல்கிறானே, 'அப்பா சிறுவயதில் கச்சாயிலிருந்து பூநகரிக்கு நீந்திப் போனவர், தண்ணீர்தான் அவருக்கு உயிர்' என்று. அந்த இடத்தில் அவ சிரித்துவிட்டாவாம். பிறகு அழுதாவாம்.

"அண்ணைக்குத் தண்ணியெண்டாலே பயம் பிள்ளை. சின்னனிலை கோயில் கேணிக்குள்ளை விழுந்தவர். அதுக்குப் பிறகு கிணத்தை எட்டிப் பாக்கமாட்டார். ஆரேன் அள்ளி ஊத்தினாத்தான் தோய்வார். பொம்பிளை பாக்கப் போன இடத்திலையும் கிணத்தடிக்குப் போகமாட்டனெண்டு நிண்டு பகிடியாப் போச்சு. உந்த மனிசன் ஆரிட்டை நீந்தப் பழகினது?"

அவரைத்தான் கயாக்கில் ஏற்றியிருக்கிறீர்கள்.

நான் வாளியைத் தூக்கிக் காட்டினேன். காட்டியிருக்கக்கூடாது. பானையைப் பார்த்ததும் அவவின் முகம் போன போக்கு! அழுகை இல்லை. அருவருப்பு. சொந்த அண்ணனைப் பார்த்து ஒரு மனுசி அருவருக்கும்படி செய்துவிட்டோமே என்று எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளவேண்டும் போல இருந்தது. போகும்போது, "மற்றப் பாதி எங்கை?" என்று கேட்டா. "றொகானிட்டை" என்றேன். "அதையும் தண்ணிக்குள்ளையோ விடப்போறான்?"

நான் வாளியைத் திருப்பிக் கவிழ்த்துக் கல்லை வைத்தேன்.

உதயகலா

—

கித்துல்கல,
15.08.2025

அன்பின் கலா,

உமது கடிதமும் இன்னொரு செய்தியும் ஒரே நாளில் வந்தன. இதைக் கூரியரில் அனுப்புகிறேன்.

றொகான் இங்கே வருகிறார். கூட்டாளிமாரோடு. நான் ராஃப்டில் நிற்கிற படம் ஒன்றைப் போட்டிருந்தேன், அதைப் பார்த்து, "ப்ரோ, ஆறு கிடைச்சிட்டுது!" என்று எழுதியிருக்கிறார். இருபத்திரண்டாம் திகதிக்குப் பதிந்துவிட்டார். முதலாளிக்கு வாய் காதுவரை. மற்றப் பாதியை நுரை கூடின பாய்ச்சலின் நடுவில் விடவேண்டுமாம், ஒவ்வொருவர் தலையிலும் கமெராவாம், துடுப்பு நான்தான் பிடிக்கவேண்டுமாம். 'அப்பாவை முதல் தரம் கொண்டுபோனது நீங்கள்தானே.'

நீர் கேட்கமுதல் சொல்கிறேன், இந்த ஆற்றில்தான் கீழே சனம் குளிக்கிறது, உடுப்புத் தோய்க்கிறது, அள்ளிக் குடிக்கவும் செய்கிறது. முதலாளியிடம் சொன்னேன். "சாம்பல்தானே, ஒரு நிமிஷத்தில கடலுக்குப் போயிடும்" என்கிறான். இதே கதையைத்தான் நான் உமக்குச் சொன்னேன் என்று எனக்கு ஞாபகம் வந்தது. மற்றவன் வாயில் கேட்கும்போது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது.

அன்றைக்குச் சுகமில்லை என்று படுத்துவிடலாமா? வேறு வழிகாட்டி கொண்டுபோவான், என் கண்ணில் படாது. நீர் என்ன சொல்கிறீர்?

கேதீஸ்

—

கொடிகாமம்,
18.08.2025

கேதீஸ்வரனுக்கு,

படுங்கள். போர்த்துக்கொண்டு படுங்கள். உங்கள் கண்ணில் படாவிட்டால் அது நடக்கவில்லை, அப்படித்தானே? கச்சாயிலும் அப்படித்தான் பஸ் ஏறினீர்கள்.

ஒரு மனுசன் சீவியம் முழுக்கத் தண்ணீருக்குப் பயந்து கிணற்றடியில் தள்ளி நின்று தோய்ந்திருக்கிறார். செத்த பிறகு அவரை முதலில் சேற்றில் விட்டு, இப்போது பாறையில் அடிக்கப் போகிறார்கள். அதைத் தெரிந்த ஒரே ஆள் அந்த ஆற்றங்கரையில் நீங்கள்தான். குணலட்சுமி அக்கா ஒவ்வொரு நாளும் சந்தையால் வரும்போது படலையில் நின்று கேட்டுவிட்டுப் போகிறா. உள்ளே வருகிறா இல்லை.

அந்தப் பாதியும் தண்ணீருக்குள் போனால் நீங்கள் அங்கேயே இருந்து "ஊ" என்று கத்திக்கொண்டிருங்கள். இங்கே வரவேண்டாம். இது வெருட்டு இல்லை. உங்களைப் பார்த்து எனக்கு அருவருப்பு வந்துவிட்டால், பிறகு ஒரே சோற்றுக் கோப்பையில் சாப்பிட என்னால் ஏலாது.

உதயகலா

—

கித்துல்கல,
23.08.2025

அன்பின் கலா,

பானை என்னிடம் இருக்கிறது. முழுதாக, மூடியோடு.

வந்தார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி பனியன், நெஞ்சில் இராசநாயகத்தின் படம். பள்ளிக்கூடப் பிள்ளையின் புத்தகப் பை மாதிரி ஒரு பையில் பானை. றொகான் என்னைக் கட்டிப்பிடித்தார். கூட்டாளிமார் ராஃப்டைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அவருக்கு லைஃப் ஜாக்கெட் பூட்டிக்கொண்டே சொன்னேன்.

"றொகான், உங்கடை அப்பாவுக்குத் தண்ணியெண்டா பயமாம். அவற்றை தங்கச்சி கொடிகாமத்திலை இருக்கிறா. அவ சொன்னவ."

சிரித்தார். "இல்லை ப்ரோ. அப்பா பூநகரிக்கு நீந்தினவர். நான் சின்னனா இருக்கேக்கை எத்தினை தரம் சொல்லியிருக்கிறார்."

எனக்கு வாயில் வந்துவிட்டது, "தம்பி, அந்தக் கடல் பாதி தூரம் நடந்து போற கடல்" என்று. விழுங்கிக்கொண்டேன். "அப்ப அவரோ உங்களுக்கு நீச்சல் பழக்கினது?" என்று மட்டும் கேட்டேன்.

"இல்லை, நான் கிளாசுக்குப் போனனான்" என்றார். ஜாக்கெட்டின் கொளுவியைப் பூட்டுகிற என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். "மற்றப் பிள்ளையளின்ரை அப்பாமார் உள்ளுக்கை வந்து கதிரையிலை இருந்து பாப்பினம். அப்பா வரமாட்டார். வெளியிலை கார்லயே இருப்பார். குளிருக்கையும். எனக்கு அவரிலை சரியான கோவம்."

கலா, அந்த இடத்தில் எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. இல்லையென்று சொல்லமாட்டேன். தகப்பன் பிள்ளைக்கு முன்னால் வீரம் பேசியிருக்கிறார், பிள்ளை அதை நம்பி, இத்தனை ஆயிரம் மைல் அவரைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது. பையைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "நீங்களே கொண்டுபோங்கோ ப்ரோ. மாமியோடை சேர்ந்து, எப்பிடிச் செய்யோணுமோ அப்பிடிச் செய்யுங்கோ."

"நீங்கள்தானே பிள்ளை. நீங்கள் வாங்கோ, நான் கூட்டிக்கொண்டு போறன்" என்றேன். சத்தியமாகச் சொன்னேன்.

"நாளண்டைக்கு ஃப்ளைட்" என்றார். அதற்குள் கூட்டாளிமார் கூப்பிட்டார்கள். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு ஓடிப்போய் முன்னுக்கு ஏறினார்.

நான்தான் துடுப்புப் பிடித்தேன். பானை ராஃப்ட் ஏற்றிவந்த வான் வண்டிக்குள் சீட்டுக்குக் கீழே கிடந்தது. நுரை கூடின இடத்தில் ராஃப்ட் குத்தென்று இறங்கும்போது, கூட்டாளியின் தலைக் கமெராவைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கி, "அப்பா, திஸ் இஸ் ஃபோர் யூ!" என்று கத்தினார். எல்லாரும் கத்தினார்கள். வீடியோவில் பானை எங்கே என்று ஒருவரும் கேட்கப்போவதில்லை. வந்த இரக்கம் அந்த இடத்தில் போய்விட்டது. அவருக்காக "ஊ" என்று கத்தவேண்டிய இடம் அது. நான் கத்தவில்லை. முதலாளி கரையில் பார்த்துக்கொண்டு நின்றான். கரைக்கு வந்ததும் எனக்கும் அவனுக்கும் வாய்த்தர்க்கம். மாதக் கடைசி வரை நின்றுவிட்டுப் போ என்றான்.

பானை என் கட்டிலுக்குக் கீழே, பைக்குள்ளே. என் அறைக்காரப் பெடியன் அது என்னவென்று தெரிந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டான். நான் அதன் மேலே படுத்திருக்கிறேன், நித்திரை இல்லை. பையைத் தூக்குவேன், பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவேன். முப்பத்தோராம் திகதி, ஞாயிறு விடிய யாழ்ப்பாணத்தில் இறங்குவேன். கரைக்கிற வேலையை மட்டும் நீரோ குணலட்சுமி அக்காவோ செய்யுங்கோ. கையை உள்ளே விட என்னால் ஏலாது. இதை மட்டும் விட்டுவிடும்.

கேதீஸ்

—

கொடிகாமம்,
27.08.2025

கேதீஸ்வரனுக்கு,

விடமாட்டேன்.

ஐயரிடம் போய்க் கேட்டேன். உரித்துக்காரன் வராவிட்டால், அவன் தன் கையால் ஆரிடம் கொடுத்தானோ அந்த ஆள் செய்யலாம் என்றார். றொகான் உங்கள் கையில்தான் தந்திருக்கிறான். குணலட்சுமி அக்காவிடம் சொன்னேன். "அந்தத் தம்பியே செய்யட்டும். அண்ணையைக் கயாக்கிலை ஏத்தினவர்தானே, அவரே இறக்கிவிடட்டும்" என்றா. உங்கள் வாய்க்குள் போனதை நான் அவவுக்குச் சொல்லவில்லை. அது அவவின் அண்ணன்.

பானையோடு வீட்டுப் பக்கம் வரவேண்டாம். யாழ்ப்பாணத்தில் இறங்கி நேரே கீரிமலை பஸ் எடுங்கள். எங்கள் பாதியை நான் கொண்டுவருவேன். பிய்ந்த பானையிலிருந்து புது மண்முட்டிக்கு மாற்றிவிட்டேன், ஒரு சிரட்டையால் அள்ளி. நேற்று முழுக்கச் சாப்பிடவில்லை. ஆகவே எனக்கு அருவருப்பே இல்லை என்று நினைத்துக்கொண்டு வரவேண்டாம்.

செந்தூரன் கேட்டான், எப்போது கொண்டுபோகிறீர்கள் என்று. ஞாயிறு என்றேன். தன் ஓட்டோவில் என்னையும் குணலட்சுமி அக்காவையும் ஏற்றிப்போகிறானாம். சாம்பல் முட்டி என் மடியில் இருக்கும் என்றேன். "அதுக்குத்தானே அக்கா வாறன்" என்றான். கயாக்கைப் பற்றி அவனும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. நீங்களும் வந்த உடனே தொடங்கவேண்டாம்.

கீரிமலையில் ஒருவரும் கடலுக்குள் இறங்கப்போவதில்லை. படியில் இருந்தபடி, அலை வந்து தொடுகிற இடத்தில் இரண்டு பாதியையும் ஒன்றாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக விடவேண்டும். அந்த மனுசன் பயப்படாத மாதிரி. கையால்தான் விடவேண்டும். காற்று எந்தப் பக்கம் என்று நான் பார்த்துச் சொல்வேன், நீங்கள் வாயை மூடிக்கொண்டிருங்கள். நான் பக்கத்தில் இருப்பேன்.

முடிந்ததும் கேணியில் நல்லாக முழுகித் தோயுங்கள். உங்கள் நீல சாறமும் துவாயும் கொண்டுவருகிறேன். போட்டுக்கொண்டு வருகிற உடுப்பை வீட்டுக்குக் கொண்டுவர விடமாட்டேன். பின்னேரம் நான் சாமியறையில் விளக்கு வைக்கவேண்டும்.

புட்டு அவிக்கமாட்டேன், இடியப்பமும் இல்லை. பாண் வாங்கிவைக்கிறேன்.

கலா